எபிசோட் 37: அண்ணே, இதுல எது மண்ணுல கெடச்சது?

போன ரெண்டு எபிசோடுக்கும் வந்த வாய்ஸ் மெசேஜில் பாதி, "அந்த வி.ஆர். விஷயம் என்ன ஆச்சு ப்ரோ?" என்றுதான் கேட்கிறது. கோவில்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல் பிள்ளைகளுக்குத் தொல்லியல் சொல்லிக்கொடுக்க ஒரு ஆப் செஞ்சுட்டு இருக்கோம்னு எப்பவோ போகிற போக்கில் சொல்லியிருந்தேன். இன்னிக்கு அந்தக் கதைதான். முன்னாடியே சொல்லிடறேன், இதில் நான் ஹீரோ இல்லை. ரெண்டு இடத்தில் நல்லா சொதப்பியிருக்கேன். ரெண்டாவது சொதப்பலை இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையும்.

எங்க ஊர் கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். முழுக்கக் கரிசல். மழை பெய்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு விடாத மண், சித்திரை வைகாசியில் பாளம் பாளமாக வெடிச்சுக் கிடக்கும். சின்ன வயசில் பாண்டி ஆட சில்லு வேணும்னா ஓடைக்கரைக்குப் போவோம். உள்ளே கறுப்பா, வெளியே சிவப்பா ஒரு ஓடு கிடைக்கும். அதை இன்னொரு கல்லில் தேய்ச்சு வட்டமாக்கினால் கட்டத்தில் சும்மா வழுக்கிட்டுப் போய் நிற்கும். அது பானை ஓடு என்று தெரியும். அதுக்கு மேல யாரும் எதுவும் சொன்னதில்லை.

இன்ஜினியரிங் முடிச்சு, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழிச்சு, வெம்பக்கோட்டைக்குப் போனேன். சாத்தூர், சிவகாசி பக்கம், வைப்பாற்றின் கரையில் விஜயகரிசல்குளம். ஊர்ப் பெயரிலேயே கரிசல் இருக்கு பாருங்க. 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, தங்க அணிகலன் என்று ஆயிரக்கணக்கில் எடுத்திருக்காங்க. காட்சிக்கு வெச்சிருந்த பொருட்களில் ஒரு வரிசையில் சின்னச் சின்ன வட்ட ஓடுகள். பக்கத்தில் பெயர்: வட்டச்சில்லு. நாங்க தேய்ச்ச அதே சில்லு. அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன். ஏதோ ஒரு பிள்ளை அன்னிக்கு விளையாடிட்டுப் போட்டது, பெயர் எழுதி உட்கார்ந்திருக்கு. நாங்க எத்தனை ஓட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தொலைச்சிருப்போம்!

அங்கிருந்துதான் இந்த யோசனை வந்தது. நானும் ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரும். ஒருத்தன் கேம் டெவலப்பர், இன்னொருத்தி டிசைனர். சனி ஞாயிறுகளில் வேலை. திட்டம் ரொம்ப சிம்பிள்: வைப்பாற்றின் கரையில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊரை வி.ஆரில் கட்டி, பிள்ளைகளை அதுக்குள்ள நடக்க விடறது. ஹெட்செட் மாட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரியில்: கண்ணை மூடின மாதிரி ஒரு கருவி, தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் இருக்கிற உலகம் தெரியும். கையை நீட்டினால் பொருளை எடுக்கலாம்.

இது புது யோசனையும் இல்லை. பண்டைய ரோம் நகரத்தை கம்ப்யூட்டரில் மறுபடி கட்டின 'ரோம் ரீபார்ன்' 1990களிலேயே ஆரம்பிச்ச வேலை. 'அசாசின்ஸ் க்ரீட்' விளையாடினவங்களுக்குத் தெரியும், 2018-ல் அதில் சண்டையே இல்லாமல் பழைய எகிப்தைச் சுற்றிப் பார்க்கிற 'டிஸ்கவரி டூர்' வந்தது. நம்ம ஊரிலும் அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டி, மஞ்சள் பல்பு என்ற காலம் மாறிட்டு இருக்கு. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தாங்க, திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் 2025 டிசம்பரில். ரெண்டுமே பெருசு, ரெண்டிலும் திரையும் அசைவுப்படமும் உண்டு. ஆனா எனக்குப் பிடிச்சது ஆதிச்சநல்லூர். 2023 ஆகஸ்டில் திறந்த தள அருங்காட்சியகம் அது. தோண்டின குழியை மூடாமல், மேல கண்ணாடித் தளம் போட்டிருக்காங்க. உங்க காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஹெட்செட் தேவையே இல்லை. நான் முதல்லயே அதை உட்கார்ந்து யோசிச்சிருக்கணும். யோசிக்கலை.

எட்டு மாசத்தில் முதல் வெர்ஷன் ரெடி. மூணு செகண்ட் ஹேண்ட் ஹெட்செட். ஒரு அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். சமூக அறிவியல் டீச்சர் மட்டும் இல்லைன்னா இந்த எபிசோடே இல்லை. ஊர் பேரும் ஸ்கூல் பேரும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ஹெட்செட் மாட்டின முதல் பையன் "ஏ... யப்பா!" என்று கத்தினதும் வெளியே வரிசையில் நின்றவர்கள் ஜன்னலை மொய்ச்சுட்டாங்க. நடுவில் கரண்ட் போச்சு. வியர்வையில் ஹெட்செட்டின் உள்பக்கம் நனைஞ்சு, துடைச்சுத் துடைச்சு ஒரு டவல் காலி. ரெண்டு பேருக்குத் தலை சுத்தி, ஒருத்தி போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துட்டா. இருந்தாலும் செம சந்தோஷம். நானும் மிதந்துட்டு இருந்தேன்.

மதியம் டீச்சர் எல்லாரையும் உட்கார வெச்சு, "சரி, என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார். முதல் பதில்: "வீடெல்லாம் ரெண்டு மாடி இருந்துச்சு டீச்சர்." அடுத்தது: "பால்கனியில பூந்தொட்டி வெச்சிருந்தாங்க." அடுத்தது: "தெருவுல கல்லு பதிச்சிருந்தாங்க."

மக்களே, அந்த ரெண்டு மாடியும் பால்கனியும் இணையத்தில் காசு கொடுத்து வாங்கின ரெடிமேட் மாடல். ஐரோப்பிய கிராமத்துக்காக யாரோ செஞ்சது. கலரை மட்டும் செம்மண் நிறத்துக்கு மாத்தி, பனையோலைக் கூரை வெச்சிருந்தோம். அவ்வளவுதான். தோண்டினால் கிடைக்கிறது பெரும்பாலும் அடித்தளம், சில வரிசைச் செங்கல், கூரை ஓட்டுத் துண்டு, குழி, பானை. அதுக்கு மேல சுவர் எவ்வளவு உயரம், ஜன்னல் எங்கே, எல்லாம் ஊகம். நாங்க ஊகம்கூட பண்ணலை, ஷாப்பிங் பண்ணியிருக்கோம்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து கேட்டா: "அண்ணே, இதுல எது மண்ணுல கெடச்சது, எது நீங்க செஞ்சது?"

என்கிட்ட பதில் இல்லை. தொண்ணூறு சதவீதம் நாங்க செஞ்சதும்மா என்று எப்படிச் சொல்றது? டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு, "நல்ல கேள்வி, அண்ணன் அடுத்த தடவை பதில் சொல்வாங்க" என்று பெல் அடிக்கச் சொல்லிட்டார்.

அப்புறம்தான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். இந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு ஒரு சாசனமே இருக்கு. 2006-ல் போட்ட 'லண்டன் சார்ட்டர்'. பழைய இடங்களைக் கம்ப்யூட்டரில் காட்டுகிறவர்கள் எது ஆதாரம், எது ஊகம், ஏன் அப்படி ஊகித்தோம் என்பதைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லியாகணும் என்பதுதான் அதன் அடிப்படை. கொந்தகையில் கிடைத்த ரெண்டு மண்டை ஓடுகளை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் உருவாக்கின முகங்கள் 2025-ல் வெளியானது ஞாபகம் இருக்கா? எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். அதில் தாடை, மூக்கோட அமைப்பெல்லாம் எலும்பிலிருந்து வருது. தோல் நிறம், முடி, கண் அதெல்லாம் மதிப்பீடு. ஸ்டேட்டஸ் வைக்கும்போது நம்மில் எத்தனை பேர் அதைப் பிரிச்சுப் பார்த்தோம்?

இன்னொண்ணும் கண்ணில் பட்டது. 'வர்ச்சுவல் ஆர்க்கியாலஜி' என்ற சொல்லை 1990-ல் கொண்டுவந்தவர் பால் ரெய்லி. இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்ற ஊரில் ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். அவர் கட்டினது அரண்மனையும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு மண்மேடு! 'கிராஃப்லாண்ட்' என்று பெயர். அடுக்கடுக்கா மண், நடுவில் குழிகள், கம்பம் நட்ட ஓட்டைகள். கற்பனையான ஒரு அகழாய்வுத் தளம். தோண்டும்போது என்ன பதிவாகுது, என்ன தவறிப்போகுது என்று பார்க்கிறதுக்கு. வி.ஆர். ஹெட்செட் நம்ம பட்ஜெட்டுக்கு வர முப்பது வருஷத்துக்கு முன்னாடியே சரியான விஷயத்தைப் பிடிச்சுட்டார் மனுஷன்.

அதே வின்செஸ்டரில்தான் 1973-ல் எட்வர்ட் ஹாரிஸ் ஒரு வரைபட முறையைக் கண்டுபிடிச்சார். ஹாரிஸ் மேட்ரிக்ஸ். ஒவ்வொரு மண் அடுக்கும், ஒவ்வொரு குழியும் ஒரு கட்டம். எது எதுக்கு முன்னாடி, எது எதுக்குப் பின்னாடி என்று கோடு. கோடு போடறவங்களுக்குப் பார்த்ததும் புரிஞ்சிருக்கும்: டைரக்டட் ஏசைக்ளிக் கிராஃப். நம்ம கிட் கமிட் ஹிஸ்டரி மாதிரியேதான். குழி என்பது என்ன? பழைய அடுக்கை வெட்டிட்டு உள்ளே போன புது கமிட். ஒரு பொருளோட வயசு அது எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதில் மட்டும் இல்லை, எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதில் இருக்கு. கீழடிக்கு கி.மு. 580 என்ற தேதி வந்தது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியிலிருந்து. அந்த மாதிரி எந்த அடுக்கில், எதோட சேர்ந்து கிடந்தது என்ற குறிப்பு இல்லைன்னா அது வெறும் கரித்துண்டு. டி.வியில் தேதிக்காக இவ்வளவு சண்டை நடக்குதே, அதுல பாதியை பிள்ளைகளே புரிஞ்சுக்கலாம், அடுக்குன்னா என்னன்னு தெரிஞ்சால்.

ஆக ரெண்டாவது வெர்ஷன். ஊரைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு குழி செஞ்சோம். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். கையில் கரணை, பிரஷ், நோட்டு. அடுக்கடுக்கா இறங்கணும், கிடைச்சதைக் கிடந்த இடத்திலேயே குறிச்சுட்டுத்தான் எடுக்கணும். குறிக்காமல் எடுத்தால் பொருள் சாம்பல் நிறமாகி "எங்கிருந்து வந்தது என்று தெரியாது" என்று எழுத்து வரும். கடைசியில், கிடைச்சதை வெச்சு ஒரு வீடு எழும்பும். மண்ணில் கிடைத்த பகுதி கெட்டியா இருக்கும். ஊகம் எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியும். ஒரு பட்டனை அழுத்தினால் ஊகம் மொத்தமும் மறைஞ்சு, நாலு வரிசைச் செங்கல்தான் நிற்கும். கடைசி பெஞ்ச் பிள்ளைக்காகவே வெச்ச பட்டன்.

தப்பாப் போனால் 'அன்டூ' உண்டு. ரீசெட்டும் உண்டு. அதைப் பத்தி எனக்கு ரொம்பப் பெருமை. நிஜத்தில் ஒரு குழியை ஒரு தடவைதான் தோண்ட முடியும், வி.ஆரில் நூறு தடவை தோண்டலாம், இதைவிட என்ன வேணும் என்று ஒரு மீட்டப்பில்கூட பேசினேன். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதில் கரிசலுக்காக ஒரு வேலை செஞ்சோம். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ஞ்சால் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு ஒரு மீட்டர் வரைகூட இறங்கும். மேல கிடக்கிற பொருள் உள்ளே விழும். மழை பெய்தால் மண் மூடிக்கும். வருஷா வருஷம் இதே கதை. அதனால் களிமண் நிலத்தில் அடுக்குகள் கலங்கிப் போறது தொல்லியலில் தெரிஞ்ச தலைவலி. நாங்க சும்மா ஒரு குறும்புக்கு, ஒரு மீட்டர் ஆழத்தில் பழைய பானை ஓட்டுக்குப் பக்கத்தில் ஒரு சோடா பாட்டில் மூடியைப் போட்டு வெச்சோம். மண்ணோட நிறத்தில் லேசா ஒரு மாற்றம், மேலிருந்து கீழே வர ஒரு மெல்லிய கோடு. அதைக் கவனிச்சால் தெரியும். கவனிக்க மாட்டாங்க என்றுதான் நினைச்சோம். சென்னையில் ஆபீஸ்ல ஏழு பேருக்குக் காட்டினோம், ஏழு பேரும் 'பக்' என்று ரிப்போர்ட் பண்ணினாங்க.

ஸ்கூலில் ஒரு பையன் அந்த மூடியை எடுத்ததும் ஹெட்செட்டோட தலையைச் சாய்ச்சு ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். அப்புறம், "இது வெடிப்புல விழுந்ததுண்ணே" என்றான்.

"எப்படிரா சொல்ற?"

"எங்க பிஞ்சையில கோழிக்குஞ்சே விழுந்துருக்கு. மூடிதான விழாது?"

வகுப்பே சிரிச்சது. ஆனா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை, சந்தோஷத்தில். சென்னையில் படிச்ச ஏழு பேருக்குத் தெரியாதது இவனுக்குத் தெரியுது. பாடப் புத்தகத்தில் கரிசல் என்றால் பருத்தி விளையும், அவ்வளவுதான். இங்கே அவன் வீட்டுப் பிஞ்சையே அவனுக்குப் பாடமா உதவுது. இந்தப் பையனை ஞாபகம் வெச்சுக்கோங்க, மறுபடி வருவான்.

இனி அந்த ரெண்டாவது சொதப்பல்.

மூணு வாரம் கழிச்சு ஊருக்கு வந்திருந்தேன். டீச்சர் போன் பண்ணி, "தம்பி, ஸ்கூல் வரைக்கும் கொஞ்சம் வாங்க" என்றார். குரலே சரியில்லை. போனால், ஸ்டாஃப் ரூம் தரையில் ஒரு உரச் சாக்கு. அதே பையன் பக்கத்தில் நிற்கிறான். முகமெல்லாம் பெருமை. சாக்கைக் கவிழ்த்தான். பானை ஓடு, பானை ஓடு, கோடு செதுக்கின ஒரு சங்கு வளையல் துண்டு, அப்புறம் ரொம்பக் கனமான, கைத்தடிமன் விளிம்புத் துண்டுகள். தாழி. எடுத்துப் பார்த்தேன். ஓரம் எல்லாம் பளிச்சென்று சிவப்பா இருந்தது. பழைய உடைப்பு என்றால் மண் ஏறி மங்கியிருக்கும். இது புது உடைப்பு.

ஓடைக்கரையில் மழைக்கு மண் சரிஞ்சு ஒரு வளைவு வெளியே தெரிஞ்சிருக்கு. இவனும் இன்னும் ரெண்டு பேரும் மண்வெட்டியோட போயிருக்காங்க.

"நீங்க சொன்ன மாதிரி அடுக்கு அடுக்காத்தாண்ணே எடுத்தோம்" என்று ஒரு நோட்டை நீட்டினான். கோடு போட்ட நோட்டு. 'முதல் முழம்: ஓடு 14. ரெண்டாம் முழம்: வளையல், ஓடு 9. மூணாம் முழம்: பெரிய பானை, உடஞ்சிருச்சு.'

உடஞ்சிருச்சு. எத்தனை நூறு வருஷம் முழுசா உட்கார்ந்திருந்ததோ, ஒரு சனிக்கிழமை மத்தியானம் உடஞ்சிருச்சு. யார் சொல்லிக்கொடுத்து? நான் சொல்லிக்கொடுத்து.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரலை. டீச்சர் அவனை வெளியே அனுப்பிட்டு மெதுவா சொன்னார்: "நீங்க கண்ணாடி மாட்டிக் குடுத்த மண்ணு திரும்ப வருது தம்பி. அவன் வெட்டின மண்ணு வராதுல்ல?"

நான் மீட்டப்பில் பெருமையடிச்ச அதே அன்டூ. நூறு தடவை தோண்டலாம்னு அவன் கைக்குப் பழக்கிவிட்டது நான்தான். தோண்டறதே அழிக்கிறதுதான் என்று தொல்லியல்காரர்கள் தங்களுக்குள்ளேயே சொல்லிக்குவாங்க. தோண்டின அடுக்கு மறுபடி இருக்காது, நோட்டும் படமும்தான் மிச்சம். இதை நான் படிச்சிருக்கேன், ஸ்லைடில்கூட போட்டிருக்கேன். ஆப்பில் போடலை.

அன்னிக்கு சாயங்காலம் கழுகுமலைக்குப் போய் வெட்டுவான் கோயில் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். எங்க பக்கம் மனசு சரியில்லைன்னா போற இடம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை, பாறையை மேலிருந்து கீழே குடைஞ்சுட்டே வந்து பாதியில் நின்ன கோயில். செதுக்கி எடுத்த கல்லை யாரும் ஒட்ட வைக்க முடியாது. அந்தச் சிற்பிங்களுக்கு உளி வைக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசிச்சுட்டே இருட்டும்வரை இருந்தேன்.

மறுநாள் பையனையும் கூட்டிட்டு ஓடைக்கரைக்குப் போனோம். இடத்தைப் படம் எடுத்து, போனில் ஜி.பி.எஸ். குறிச்சு, வெட்டின குழியை அதே மண்ணைப் போட்டு மூடினோம். 1878-லிருந்தே ஒரு சட்டம் இருக்கு, புதையல் சட்டம். மண்ணுக்குள் கிடைக்கிற பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். அதை அவனுக்குச் சொன்னபோது அவன் முகம் மாறியது. "போலீஸ் வருமாண்ணே?" வராது, ஆனா நாமளே சொல்லிடுவோம் என்று சொல்லி, டீச்சர் தலைமையாசிரியர் மூலமா தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதினார். சாக்கில் இருந்ததோடு, அவன் நோட்டின் ஜெராக்ஸும் சேர்ந்து போனது. முழக் கணக்குதான், இருந்தாலும் அந்தத் தாழியைப் பத்தி உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே பதிவு அது.

ஆதிச்சநல்லூரிலிருந்து 1876-ல் ஜாகோர் எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரே அங்கே முறையா அகழாய்வு செய்தது 1899-க்குப் பிறகு. பெரிய மனுஷங்களே பொருளை முதல்ல எடுத்துட்டுக் கேள்வியை அப்புறம் கேட்ட ஊர் இது. பதினாலு வயசுப் பையனை மட்டும் என்ன சொல்றது?

மூணாவது வெர்ஷனில் மாத்தினது ரெண்டே ரெண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கரணையே கிடையாது. பிஞ்சையில் நடக்கணும், தரையில் கிடக்கிறதைப் பார்க்கணும், படம் எடுக்கணும், எடுத்த இடத்திலேயே விட்டுட்டு வரணும். ரொம்ப போர் அடிக்கும் என்று டெவலப்பர் நண்பன் சண்டை போட்டான். கொஞ்சம் போர்தான்.

ரெண்டாவது, ரீசெட்டை எடுத்துட்டோம். அன்டூவும் இல்லை. முக்கியமா, நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே குழி. நீங்க விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆள் தொடரணும்.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? மூணாவதா போனவன் உள்ளே போனதும் மஞ்சளா மின்னின தங்க மணியைக் குறிக்காமல் பிடுங்கிட்டான். சாம்பலாகிப் போச்சு. வெளியே வந்து சொன்னதும் மிச்சம் முப்பத்தொன்பது பேரும் அவன் மேல பாய்ஞ்சாங்க. "ஏலே, எங்களுக்கு என்னல வெச்ச?" அப்படி ஒரு சண்டை. டீச்சர் தலையிடவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அரை மணி நேரத்தில் பிள்ளைகளே போர்டில் முறை எழுதிட்டாங்க: யார் எந்த மூலை, யார் நோட்டு எழுதறது, உள்ளே போறவன் போன ஆளோட குறிப்பைப் படிக்காமல் கரணையைத் தொடக்கூடாது. கடைசி பெஞ்ச் பிள்ளைதான் நோட்டு இன்சார்ஜ். குறிப்பு சரியில்லைன்னா ஹெட்செட்டைக் கொடுக்க மாட்டா. எங்க ஆபீஸ் கோடு ரிவ்யூகூட இவ்வளவு கறாரா நடந்து நான் பார்த்ததில்லை. ஏழு சனிக்கிழமை ஆச்சு ஒரு குழியை முடிக்க.

செய்ய நினைக்கிற ஆசிரியர்கள் யாராவது கேட்டுட்டு இருந்தால், நடைமுறை விஷயம் சுருக்கமா. ஹெட்செட் பதின்மூணு வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு வேண்டாம். ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் போதும், தலை சுத்தாது. ஆப் ஆஃப்லைனில் ஓடணும். கூகுள் 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்று வகுப்பறைக்காகவே ஒரு வி.ஆர். ஆப் வெச்சிருந்தது, 2021-ல் மூடிட்டாங்க. அதை நம்பிப் பாடம் தயார் பண்ணினவங்க என்ன பண்ணுவாங்க? ஹெட்செட்டே இல்லையா, பரவாயில்லை. ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் நாலு நிற மண்ணை அடுக்கா கொட்டி, நடுநடுவே பொருள் வெச்சு, ஒரு வகுப்புக்கு ஒரு பெட்டி என்று கொடுங்க. ஒண்ணே ஒண்ணு, மறுபடி நிரப்பித் தராதீங்க.

தொல்லியல் துறையிலிருந்து கடிதம் கிடைச்சதாப் பதில் வந்திருக்கு, இடத்தைப் பார்க்க வருவாங்களாம். எப்பன்னு தேதி இல்லை. வந்தால் அந்தப் பையன் கூட இருக்கணும்னு டீச்சர் கேட்டு வெச்சிருக்கார்.

போன வாரம் அவன்கிட்ட இருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது, அவங்க அப்பா போனிலிருந்து. உழுத கரிசல், வெடிப்பு ஓரத்தில் ஒரு கறுப்பு-சிவப்பு ஓடு, பாதி மண்ணுக்குள்ள. பக்கத்தில் அளவு தெரியறதுக்கு ஒரு தீப்பெட்டி. எங்க ஊரில் ஸ்கேல் இல்லாத வீடு இருக்கும், தீப்பெட்டி இல்லாத வீடு இருக்காது. கீழே எழுதியிருந்தான்: "எடுக்கலண்ணே. வடக்கு எந்தப் பக்கம்னு தீக்குச்சி வெச்சிருக்கேன் பாருங்க."

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு குச்சி, மருந்துத் தலை வடக்கே பார்த்து.

சரி மக்களே, அடுத்த வாரம் பார்க்கலாம். உங்க ஊரில் ஓடு கிடந்தால் படம் அனுப்புங்க. ஓட்டை அனுப்பாதீங்க.